எதிர்ப்புத் துண்டும் ஏழு வரி அடிக்குறிப்பும்

போன மாதம் ஓர் ஆங்கில நாவலின் தமிழாக்கம் மெய்ப்புப் பார்க்க என் மேசைக்கு வந்தது. மொழிபெயர்த்தவர் இளைஞர், நன்றாக எழுதுகிறவர். கதையில் ஒரு கிராமத்துக் கிறிஸ்துமஸ் விருந்து. வாத்து வருகிறது, உருளைக்கிழங்கு வருகிறது, எல்லோரும் இடுப்புப் பட்டியைத் தளர்த்திக்கொள்ளும் நேரத்தில் அத்தை ஒருத்தி பிளம் புட்டிங்கை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வருகிறாள். கதைசொல்லி அதை 'பியேஸ் த ரெசிஸ்தான்ஸ்' என்கிறார். மொழிபெயர்ப்பாளர் அகராதியைப் புரட்டி 'எதிர்ப்புத் துண்டு' என்று போட்டிருந்தார். புட்டிங் யாரை எதிர்த்தது என்று தெரியவில்லை.

பதிப்பாசிரியர் அதை அடித்துவிட்டுப் பிரெஞ்சை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதி, தலையில் ஒரு நட்சத்திரம் வைத்து, பக்கத்தின் அடியில் ஏழு வரிக் குறிப்பு சேர்த்திருந்தார். படித்து முடிப்பதற்குள் புட்டிங் ஆறிவிடும். நான் இரண்டையும் அடித்துவிட்டு, 'எல்லாவற்றுக்கும் சிகரம் வைத்தாற்போல் அத்தையின் புட்டிங் வந்தது' என்று எழுதி அனுப்பினேன். மறுநாள் தொலைபேசி.

"சார், ஆசிரியர் அந்த இடத்துல பிரெஞ்சுல எழுதியிருக்கார். நீங்க அதைத் தமிழாக்கிட்டீங்க. மூலத்துக்கு அது துரோகம் இல்லையா?"

இந்த ஒரு புத்தகத்தில் மட்டும் இப்படிப் பதினான்கு இடங்கள். கேட்டவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் சொன்னது நம் மொழிபெயர்ப்பு உலகில் ஏறக்குறைய எல்லோரும் சொல்வது. ஆங்கில வாக்கியத்தின் நடுவே பிரெஞ்சுத் தொடர் வந்தால் அதைத் தொடாதே. எழுத்துப்பெயர்த்து வை, கீழே பொருள் சொல். இல்லாவிட்டால் பிரெஞ்சு அகராதிக்குப் போய் வேர்ப்பொருளை எடுத்துவந்து போடு. இந்த இரண்டில் ஒன்று நேர்மை, மற்றதெல்லாம் சோம்பல் என்று நம்புகிறோம். எனக்கு இந்த நேர்மையின் மேல்தான் சந்தேகம்.

முதலில் ஒன்று. அந்த ஆசிரியர் பிரெஞ்சில் எழுதவில்லை, ஆங்கிலத்தில்தான் எழுதினார். சிகாகோ நடைக்கையேட்டைப் பின்பற்றும் பதிப்பகங்கள் பிறமொழிச் சொல்லைச் சாய்வெழுத்தில் அடிப்பார்கள். ஆனால் அந்தச் சொல் மெரியம்-வெப்ஸ்டர் அகராதியில் ஏறிவிட்டிருந்தால் சாய்வெழுத்து வேண்டாம் என்பது அந்தக் கையேட்டின் வழக்கம். குடியுரிமை கொடுத்தாயிற்று என்று அர்த்தம். ஆங்கிலேயன் நேராக நிமிர்த்தி அச்சடித்த சொல்லை நாம் சாய்த்து, நட்சத்திரம் வைத்து, அந்நியன் என்று காட்டிக்கொடுக்கிறோம்.

குடிவந்த சொற்கள் சும்மா இருக்கவும் இல்லை. பிரான்ஸில் 'ஆந்த்ரே' சாப்பாட்டின் தொடக்கத்தில் வரும் தட்டு. அமெரிக்க உணவகத்தில் அதே சொல் முக்கிய உணவு. பிரான்ஸில் 'ரெசுமே' ஒரு சுருக்கம். அமெரிக்காவில் வேலைக்கு மனுப்போடும்போது இணைக்கும் தன்விவரம். கச்சேரி முடிந்ததும் ஆங்கிலேயக் கூட்டம் இன்னொரு பாட்டு கேட்டு 'ஆன்கோர்' என்று பிரெஞ்சில் கத்தும். பிரெஞ்சுக் கூட்டம் 'பிஸ்' என்று கத்தும். இரட்டை அர்த்த வசனத்துக்கு ஆங்கிலம் வைத்திருக்கும் பிரெஞ்சுப் பெயரை இன்றைய பிரெஞ்சுக்காரர்கள் அந்தப் பொருளில் பயன்படுத்துவதில்லை. 'கூ த கிராஸ்' கதை இன்னும் வேடிக்கை. உயிர் ஊசலாடுகிறவனுக்குக் கருணையோடு கொடுக்கும் கடைசி அடி அது. கடைசி ஒலியை விழுங்கினால்தான் பிரெஞ்சு என்று நினைத்துக்கொண்டு ஆங்கிலம் பேசுகிறவர்கள் பலர் 'கூ ட கிரா' என்பார்கள். பிரெஞ்சுக் காதில் அது 'கொழுப்பு அடி' என்று விழும். அதனால் யாருக்கும் எந்தக் கஷ்டமும் இல்லை. ஆங்கிலத்தில் அது ஆங்கிலப் பொருளோடு ஓடிக்கொண்டிருக்கிறது. இதற்குப் பொருள் தேடிப் பாரிஸ் அகராதிக்குப் போவது, சென்னையில் தொலைத்ததைச் செஞ்சியில் தேடுவது.

பழைய கணக்கு இது. 1066இல் நார்மன்கள் வந்து உட்கார்ந்த பிறகு இங்கிலாந்தின் அரண்மனையும் நீதிமன்றமும் பல தலைமுறை பிரெஞ்சில் நடந்தன. 1362இல், நாட்டில் பிரெஞ்சு தெரிந்தவர்கள் குறைவு, ஆகவே இனி வழக்காடுவது ஆங்கிலத்தில் இருக்கட்டும் என்று ஒரு சட்டம் போட்டார்கள். அந்தச் சட்டத்தையே பிரெஞ்சில்தான் எழுதினார்கள். இன்றைக்கும் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் சட்டத்துக்கு மன்னரின் ஒப்புதலை அறிவிக்கும் சடங்கில் 'மன்னருக்கு இது விருப்பம்' என்பதை எழுத்தர் நார்மன் பிரெஞ்சில்தான் சொல்கிறார். இத்தனை நூற்றாண்டு ஒரே வீட்டில் குடித்தனம் நடத்திய மொழியை விருந்தாளி என்று எப்படிச் சொல்வது?

விமானிகள் ஆபத்தில் கூவும் 'மேடே'யைப் பாருங்கள். 1923 வாக்கில் லண்டனை ஒட்டிய கிராய்டன் விமான நிலையத்தில் மூத்த ரேடியோ அதிகாரியாக இருந்த ஃபிரெடெரிக் மாக்ஃபோர்டு கொடுத்த சொல் அது. அங்கிருந்து பாரிஸின் லெ பூர்ஜே நிலையத்துக்கு விமானங்கள் நிறையப் போய்வந்ததால், 'எனக்கு உதவ' என்ற பிரெஞ்சின் ஒலியை எடுத்துக்கொண்டார். நம் நட்சத்திரக்காரர்கள் கொள்கையில் உறுதியாக இருந்தால், விமானம் மூக்குக்குத்தி விழும்போது திரையின் அடியில் இந்த வரலாற்றையும் ஓட்ட வேண்டும்.

சரி, இதை நம் வீட்டுக்குள் கொண்டுவந்து பார்ப்போம். ஓட்டலில் இரண்டு நண்பர்கள் சாப்பிடுகிறார்கள். பில் வருகிறது, இருவரும் ஒரே நேரத்தில் கையை நீட்டுகிறார்கள், இருவர் பையிலும் பணம் போதாது. 'தர்மசங்கடம்' என்று எழுதுகிறோம். இதை ஆங்கிலத்தில் பெயர்க்கிறவர் அந்தச் சொல்லை அப்படியே வைத்து, நட்சத்திரம் போட்டு, 'அறத்தால் நேரும் நெருக்கடி, சமஸ்கிருதம்' என்று குறிப்பு எழுதினால் நாம் என்ன சொல்வோம்? அட, பில் விஷயமய்யா, தர்மன் எங்கே வந்தான் என்போம். 'சாப்பாடு ஜோர்' என்பதில் ஜோர் பாரசீகம்; அங்கே அதன் பொருள் பலம். அதைப் பார்த்து ஒருவர் 'உணவு பலவந்தமாக இருந்தது' என்று பெயர்த்தால், நம் எதிர்ப்புத் துண்டுக்கு அவர் சரியான ஜோடி. புதுச்சேரியில் 'சொல்தா' என்றால் பிரெஞ்சுப் படையில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிற பெரியவர். அந்தத் தெருவில் அது தமிழ். பதினெட்டாம் நூற்றாண்டில் துய்ப்ளேக்ஸுக்கு துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் துரைமார்களை 'முசே' என்று எழுதிக்கொண்டே போகிறார். எங்கேயும் நின்று விளக்கம் சொல்லவில்லை.

'ஆனால் ஆங்கில வாசகர் பலருக்கும் அந்தப் பிரெஞ்சு புரியாதே, நம் வாசகருக்கும் புரியாமல் இருக்கட்டுமே' என்று ஒரு வாதம் உண்டு. கேட்க நியாயமாக இருக்கும். ஆங்கில வாசகர் அந்தத் தொடரைப் பிரித்துப் பொருள் சொல்லத் தெரியாதவராக இருக்கலாம். ஆனால் யார் அதைச் சொல்வார்கள், எந்தக் குரலில், எந்தப் புருவத்தை உயர்த்திக்கொண்டு என்பது அவருக்குத் தெரியும். டிவியில் கேட்டிருப்பார், மாமியார் வாயில் கேட்டிருப்பார். நம் வாசகருக்கு அந்தக் குரலே கிடையாது. இருவருக்கும் புரியவில்லை என்று சமன் செய்வது, காது கேளாதவரையும் தூங்குகிறவரையும் ஒரே வரிசையில் உட்காரவைப்பது.

இனி என் முக்கியமான வாதம். எழுத்தை மாற்றாமல் வைத்தால் மூலம் காப்பாற்றப்படும் என்பதுதானே அடிப்படை நம்பிக்கை? அந்தப் பிரெஞ்சுத் தொடரை ஓர் எழுத்துப் பிசகாமல் காப்பாற்றக்கூடிய ஒரே மொழிபெயர்ப்பு பிரெஞ்சு மொழிபெயர்ப்பு. அங்கே என்ன நடக்கிறது? அகதா கிறிஸ்டியின் துப்பறிவாளர் போய்ரோ, 1920இல் வந்த முதல் நாவலிலிருந்தே ஆங்கிலத்துக்கு நடுவே 'மோன் அமி', 'நண்பரே', என்று தெளித்துக்கொண்டிருப்பார். அந்தத் தெளிப்பில்தான் அவருடைய மீசையும் பெல்ஜியமும் அவரைப் பார்த்துச் சிரிக்கும் ஆங்கிலேயர்களும் இருக்கிறார்கள். நாவலைப் பிரெஞ்சில் ஆக்கினால் அந்தச் சொற்கள் அட்சரம் மாறாமல் அப்படியே வந்து உட்காரும்; உட்கார்ந்த மாத்திரத்தில் கண்ணுக்கு மறைந்துபோகும். சுற்றியிருப்பவர் எல்லோரும் அதே மொழி பேசும்போது அவர் மட்டும் என்ன தனி? இதனால்தான் பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளர்கள் 'மூலத்தில் பிரெஞ்சில் உள்ளது' என்று குறிப்பு போட வேண்டியிருக்கிறது. எழுத்து நூற்றுக்கு நூறு பிழைத்தது; அந்த எழுத்து செய்த வேலை செத்தது. பிரெஞ்சுக்கே இந்தக் கதி என்றால், பிரெஞ்சின் ஒலியைக்கூடத் தாங்காத தமிழ் எழுத்தில் அதைத் தூக்கிவைத்துவிட்டுக் காப்பாற்றிவிட்டேன் என்று எப்படிச் சொல்வது?

ஒலி என்றதும் 'ழ' ஞாபகம் வருகிறது. ஒருத்தியிடம் சொல்லில் பிடிபடாத ஏதோ கவர்ச்சி இருக்கிறது என்பதற்கு ஆங்கிலத்தில் அவளிடம் 'ஒரு ழ ந சே க்வா' இருக்கிறது என்பார்கள். அந்த முதல் ஒலிக்குத் தமிழில் எழுத்து இல்லை. ழாக், ழான் என்று எழுதும் நம் பழக்கப்படி 'ழ' போடுகிறோம். பிரெஞ்சு தெரிந்தவர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தம் அது. வாசகரிடம் யாரும் கேட்கவில்லை. அவர் பழத்தின் ழகரத்தைத்தான் உச்சரிப்பார். இதில் இன்னொரு கூத்து. நம் நாவலில் அந்த வரியைச் சொல்கிறவர் யார்க்‌ஷயர் மளிகைக்கடைக்காரர். அவர் வாயில் அது பாரிஸ் உச்சரிப்பில் வந்திருக்கவே வராது. ஆக நாம் எழுதியது அந்தப் பாத்திரம் சொன்னதும் இல்லை, தமிழன் வாசிக்கப்போவதும் இல்லை.

அந்தத் தொடரின் நேர்ப்பொருள் 'என்னவென்று எனக்குத் தெரியாது'. தமிழில் 'என்னவோ' என்று ஒரு சொல் இருக்கிறது. என்ன என்பதோடு ஒரு ஓகாரத்தை ஒட்டி, தெரியாமையையே பெயராக்கி வைத்திருக்கிறோம். 'அவகிட்ட என்னவோ இருக்குய்யா' என்று அந்த மளிகைக்கடைக்காரர் சொல்லட்டும். இதற்கு ஏன் நட்சத்திரம்?

வேர்ப்பொருளைப் போடு என்கிற மற்ற கட்சிக்கு ஓர் உதாரணம். இதே மெய்ப்பில் பார்த்தது. ஒரு செல்வந்தர் தன் தோட்டத்தைத் திருத்தி அமைக்க வந்தவனிடம் 'கார்த் பிளான்ஷ்' கொடுக்கிறார். வெள்ளைத் தாள். கீழே கையெழுத்து மட்டும் போட்டு, மேலே நீ என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள் என்று நீட்டும் தாள். மொழிபெயர்ப்பில் 'வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்' என்று இருந்தது. சொல்லுக்குச் சொல் சரி, ஒரு வாத்தியாரும் மதிப்பெண் குறைக்க முடியாது. ஆனால் தமிழ்நாட்டில் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடுகிறவன் யார்? மகள் கல்யாணத்துக்கு வட்டிக்கு வாங்கப் போய், எழுதாத பத்திரத்தில் ரேகை வைத்துவிட்டு, நிலம் போன பிறகு தலையில் கைவைத்து உட்காருகிறவன். அந்த ஒரு வாக்கியத்தில் நாவலின் பணக்காரர் ஏமாளியாகிவிட்டார், தோட்டக்காரன் கந்துவட்டிக்காரனாகிவிட்டான். கதை பத்துப் பக்கத்துக்குத் தவறான திசையில் வாசிக்கப்படும். நான் போட்டது: "தோட்டம் உன் பொறுப்பு, உன் இஷ்டம்போல் செய் என்று விட்டுவிட்டார்."

கணக்குப் பாடம் ஒருவனுக்கு 'பேத் நுவார்' என்றால் 'கறுப்பு விலங்கு' என்கிறார்கள். கணக்கு வேப்பங்காய் என்று ஒவ்வொரு பள்ளிக்கூடப் பையனும் சொல்லிக்கொண்டிருக்கிற ஊரில் இருந்துகொண்டு! 'கூல் த சாக்' என்றால் 'பையின் அடி'யாம். முட்டுச்சந்து எங்கே போயிற்று? பிரெஞ்சு விடுப்பு எடுத்துக்கொண்டான் என்று ஆங்கிலத்தில் சொல்வார்கள். அதைப் பிரான்ஸில் ஆங்கிலேயன் மாதிரி நழுவினான் என்பார்கள், ஒருவர்மேல் ஒருவர் பழியைப் போட்டுக்கொண்டு. நாம் யாரையும் இழுக்காமல் 'சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டான்' என்போம். ஒரு வசைச்சொல்லை உதிர்த்துவிட்டு 'என் பிரெஞ்சை மன்னிக்கணும்' என்று ஆங்கிலத்தில் சொல்வதை அப்படியே வசனமாக்கிய மொழிமாற்றுப் படங்கள் உண்டு. அதில் பிரெஞ்சு ஒரு சொல்கூட இல்லை, வாய்க்கொழுப்புதான் இருக்கிறது. ஆல்ஃபோன்ஸ் கார் என்ற பத்திரிகையாளர் 1849இல் எழுதிய ஒரு வரியின் முதல் பாதியை மட்டும் சொல்லிவிட்டு ஆங்கிலேயர் பெருமூச்சு விடுவார்கள்: எவ்வளவு மாறினாலும் எல்லாம் பழையபடிதான் என்ற கருத்து. மறுபாதி கேட்பவருக்குத் தெரியும் என்பதால்தான் அந்தப் பாதி. மொழிபெயர்ப்பாளர் பொறுப்பாக முழுவதையும் எழுதி, கார் பிறந்த வருஷத்தையும் கொடுப்பார். 'பழைய குருடி...' என்று நிறுத்திப் பாருங்கள். கதவை வாசகரே திறந்துகொள்வார்.

இந்த இடத்தில் எதிர்த்தரப்பு கோட்பாட்டை எடுக்கும். ஷ்லையர்மாகர் 1813இல் சொன்னார், ஆசிரியரை அவர் இடத்தில் விட்டுவிட்டு வாசகரை அவரிடம் நகர்த்து என்று. லாரன்ஸ் வெனுட்டி 1995இல் அந்நியத் தன்மையை அழிக்காதே என்றார். இருவரையும் மதிக்கிறேன். ஆனால் இங்கே அந்நியம் எது? நமக்கு அந்நியம் ஆங்கிலம். அந்தப் புட்டிங், அந்த அத்தை, டிசம்பர் மாதத்தில் நாலு மணிக்கே இருட்டும் அந்தக் கிராமம். அவற்றை எல்லாம் அடிக்குறிப்பில்லாமல் சரளமாக ஓடவிட்டுவிட்டு, ஆங்கிலேயனுக்கே அந்நியமில்லாத மூன்று சொல்லை மட்டும் கண்ணாடிப் பெட்டியில் வைக்கிறோம். வெனுட்டியின் பெயரைச் சொல்லி வெனுட்டிக்கே செய்யும் வேலை.

டால்ஸ்டாயையும் இழுப்பார்கள். 'போரும் அமைதியும்' நாவலின் முதல் வரியே பிரெஞ்சில்தானே தொடங்குகிறது? ஆமாம். ஆனால் அங்கே பீட்டர்ஸ்பர்க் பிரபுக்கள் நிஜமாகவே வேறொரு மொழிக்குத் தாவிப் பேசுகிறார்கள். ரஷ்யாவின்மேல் படையெடுத்து வரப்போகிறவனின் மொழியில் ரஷ்யச் சீமாட்டிகள் குசலம் விசாரிப்பதுதான் கதையின் குத்தல். அதைத் தமிழில் எப்படிக் காட்டுவது என்பது பெரிய பிரச்சினை, அதை நான் மறுக்கவில்லை. டால்ஸ்டாயே 1873 பதிப்பில் பிரெஞ்சை எடுத்துவிட்டு ரஷ்ய மொழியில் போட்டுப் பார்த்தார். பின்னால் பிரெஞ்சு திரும்பிவந்தது. வெ. ஸ்ரீராம் காம்யுவை நேரே பிரெஞ்சிலிருந்து 'அந்நியன்' என்று தமிழுக்குக் கொண்டுவந்தது இன்னொரு வகை வேலை. இந்த இரண்டுக்கும் உள்ள கௌரவத்தைப் புட்டிங் தலையில் ஏற்றிவைப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

நான் தயங்கும் இடம் ஒன்று உண்டு. பகட்டுக்காகச் சொல்லப்படும் பிரெஞ்சு. பிபிசியில் 1990இலிருந்து 1995 வரை ஓடிய ஒரு நகைச்சுவைத் தொடரில் ஹையசிந்த் என்றொரு அம்மாள். குடும்பப் பெயர் 'பக்கெட்'. நம் தண்ணீர் வாளிதான். அதைப் 'பூக்கே' என்று உச்சரிக்கவேண்டும், பூங்கொத்து மாதிரி, என்று தபால்காரரிலிருந்து பாதிரியார் வரை எல்லோரையும் திருத்திக்கொண்டிருப்பாள். 1981இல் தொடங்கிய இன்னொரு தொடரில் டெல் பாய் என்ற தெருவியாபாரி, வரும்போது போகிற வணக்கத்தையும் போகும்போது வருகிற வணக்கத்தையும் பிரெஞ்சில் சொல்வான். இங்கே பிரெஞ்சைச் சாதாரணத் தமிழாகத் தட்டி நிமிர்த்தினால் நகைச்சுவை போய்விடும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிரெஞ்சாகவே விட்டாலும் போய்விடும். தமிழ்நாட்டில் பகட்டு எந்த மொழியில் பேசுகிறது? பிரெஞ்சிலா? தெருவுக்கு ஒருவர், 'ஆக்சுவலி'யைத் தொடக்கத்திலும் 'பேசிக்கலி'யை முடிவிலும் செருகிக்கொண்டு நடுவில் ஒன்றும் சொல்லாமல் போகிறவர் இருக்கிறாரே, அவர்தான் நம் டெல் பாய். குப்பம்மாள் என்று பெற்றவர்கள் வைத்த பெயரை வாசல் பலகையில் 'மிஸஸ் கே. அம்மாள்' என்று எழுதிக்கொண்டவர் ஹையசிந்துக்கு ஒன்றுவிட்ட தங்கை. ஆங்கிலத்தின் பிரெஞ்சை நம் ஊர் ஆங்கிலத்தால் பெயர்க்க வேண்டிய இடம் இது. பாண்டித்தியப் பகட்டு என்றால் சமஸ்கிருதம் இருக்கிறது, தூயதமிழ்ப் பகட்டும் இருக்கிறது. பாத்திரத்தைப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம். கடினமான வேலைதான். நட்சத்திரம் போடுவது சுலபம்.

இதையெல்லாம் இவ்வளவு நீளமாக இல்லாமல் ஒரு கடிதமாகப் பதிப்பாசிரியருக்கு எழுதினேன். பதினான்கு இடங்களில் பதினொன்றை ஏற்றுக்கொண்டார். அத்தையின் புட்டிங்குக்குச் சிகரம் கிடைத்துவிட்டது, வெற்றுத்தாள் கிழிந்தது. மூன்றில் மட்டும் விட்டுக்கொடுக்க மறுக்கிறார். அதில் ஒன்று அந்த 'ழ'. "சார், என்னவோன்னு போட்டா ரொம்ப சாதாரணமா இருக்கு" என்கிறார். பேசுகிறவர் மளிகைக்கடைக்காரர், அவருக்குச் சாதாரணமாகத்தானே வரும் என்று நேற்று இரவு மறுபடி செய்தி அனுப்பியிருக்கிறேன். அந்தப் பக்கம் ஆறாவது ஃபாரத்தில் வருகிறது. வெள்ளிக்கிழமைதான் அச்சுக்குப் போகிறதாம், இன்னும் இரண்டு நாள் இருக்கிறது.